கறுப்பன் ஏன் செம்பட்டையானான்?



அண்மையில் நமக்கு வந்த மடல்களுள் மூன்று, வீட்டுப் பிராணிகளைப் பற்றியவை. தம் வீட்டு நாயின் முடி பளபளப்பின்றி வறண்டு கிடக்கிறதென ஒருவர் வருந்துகிறார். கடைகளில் விற்கும் சத்து மருந்துகளுள் எது சிறந்தது என வினவுகிறார் மற்றொருவர். மூன்றாமவரோ, "தேங்காய் எண்ணெய் தடவலாமா?" என ஒரே வரியில் கேட்டு முடித்துவிட்டார். மூவருக்கும் தனித்தனியே விடை எழுதுவதைக் காட்டிலும், நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறி, அதன் வழியே இப்பொருளை விளக்குவது பலருக்கும் பயன்தரும் என எண்ணுகிறோம்.

நாம் அறிந்த சிற்றூர் ஒன்றில் ஒரு மூதாட்டி வாழ்கிறார். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கின்றனர். மூன்று வயதுப் பேத்தியும் கறுப்பன் என்னும் நாட்டு நாயுமே அவருக்குத் துணை. பெயருக்கேற்ப அந்த நாய் மை பூசியதுபோல் கறுத்திருந்தது. ஒருமுறை நாம் அவ்வழியே சென்றபோது, திண்ணையில் படுத்திருந்த நாயைக் கண்டு, "பாட்டி, வேறு நாய் வாங்கிவிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டோம். முதுகிலும் தொடையிலும் கருமை மங்கி, துருப்பிடித்த இரும்பின் நிறமாய், தொட்டால் தேங்காய் நார்போல் சொரசொரப்பாய் இருந்தது அதன் முடி.

"இது நம்ம கறுப்பன்தான் சாமி. மகன் அறுநூறு ரூவா குடுத்து டானிக் வாங்கியாந்தான். பத்தாததுக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வாங்கியாந்தான். மூணு மாசமா ஊத்துறேன். ஒண்ணும் காணோம்" என்றார் அவர்.

"என்ன உணவு கொடுக்கிறீர்கள்?"

"நாங்க திங்கிறதுதான் அதுக்கும். காலையில பால் சோறு, ராத்திரி ரசஞ்சோறு. ஒரு குறையும் வைக்கல சாமி."

அவர் கூறியதில் பொய்யேதும் இல்லை. அன்பிலும் குறையில்லை. குறை எங்கிருந்தது என்பதை அறிய, முடி என்பது எதனால் ஆனது என்பதை முதலில் காண்போம்.

முடியின் மூலப்பொருள்

நாயின் முடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அளவுக்குப் புரதமே உள்ளது. கெரட்டின் என்பது அப்புரதத்தின் பெயர். நம் நகமும் மாட்டின் கொம்பும் பறவையின் இறகும் இவ்வகைப் புரதத்தாலேயே ஆனவை. உடல் முழுவதும் முடி போர்த்திய ஒரு பிராணி, நாள்தோறும் தான் உண்ணும் புரதத்தில் ஏறத்தாழக் கால் பங்கை முடிக்கும் தோலுக்குமே செலவிடுகிறது. புரத வரவு குறையும்போது, உடல் என்ன செய்யும்? சிக்கனமான இல்லத்தலைவி செய்வதையே அதுவும் செய்யும். முதலில் அடுப்புக்கும் அரிசிக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு, புதுப்புடவையைத் தள்ளிப்போடும். இதயமும் ஈரலும் சிறுநீரகமும் தம் பங்கைப் பெற்ற பின்னரே முடிக்குப் பங்கு கிடைக்கும். ஆகையால் உடலில் உள்ள வறுமையை வெளியே முதலில் சொல்லும் சாட்சி முடியே எனலாம்.

இனி ஒரு சிறு கணக்கு. வளர்ந்த நாயின் உணவில், ஈரப்பதம் நீக்கிய எடையில், நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கேனும் புரதம் இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் வகுத்துள்ள அளவு. குட்டிகளுக்கு 22.5 பங்கு; வளர்ந்த பூனைக்கு 26 பங்கு. நம் அரிசியிலோ நூற்றுக்கு ஏழு பங்கு அளவே புரதம் உள்ளது. அதன் மேல் ஊற்றும் ரசத்தில் புளியும் மிளகும் மணமும் உண்டு; புரதம் பெயரளவுக்கே. ஒரு கரண்டிப் பாலும் இக்குறையை நிரப்பாது. மேலும், வளர்ந்த நாய்கள் பலவற்றிற்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கே மிஞ்சும். கறுப்பன் வயிறு நிறைய உண்டான். ஆயினும் அவன் முடி பட்டினி கிடந்தது.

கருமை மங்குவது ஏன்?

முடி வறள்வது ஒருபுறமிருக்க, கறுப்பு நிறம் சிவப்பாக மாறுவது ஏன்? முடிக்குக் கருமை தரும் நிறமியை, டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உடல் உருவாக்கிக்கொள்கிறது. அவ்வமிலம் புரத உணவிலிருந்தே வரவேண்டும். அந்நிறமியை உருவாக்கும் வேலைக்குச் செம்புச் சத்தும் தேவை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் கறுப்புப் பூனைகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். உணவில் டைரோசினும் அதன் மூலமான பினைல் அலனினும் குறைந்தபோது, கறுப்பு முடி செம்பழுப்பாக மாறியது. அவர்கள் கண்ட மற்றோர் உண்மை இன்னும் சிந்திக்கத்தக்கது. குட்டி நன்கு வளர்வதற்குப் போதுமான அளவு, முடி முழுக் கருமை பெறுவதற்குப் போதவில்லை. அதாவது, பார்வைக்குக் கொழுகொழுவென வளரும் பிராணியிலும் குறையொன்று ஒளிந்திருக்கலாம். முடி மட்டுமே அதனைக் காட்டிக்கொடுக்கும்.

கறுப்பு முடி சிவந்தாலே உணவுக்குறைதான் என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். நாள் முழுவதும் வெயிலில் கிடக்கும் நாயின் முடியும் வெளிறும். ஓரிடத்தையே ஓயாது நக்கும் நாய்க்கு உமிழ்நீர் படிந்து அவ்விடம் சிவக்கும். ஆயினும் உடல் முழுவதும் நிறம் மங்கி, முடி உலர்ந்து, இழுத்தால் எளிதில் கழன்று வருமானால், உணவுத் தட்டை ஆராய்வதே அறிவுடைமை.

மனிதரிடத்திலும் இவ்வுண்மையைக் கண்டுரைத்தவர் ஒருவர் உண்டு. சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், இன்று கானா எனப்படும் அன்றைய கோல்டு கோஸ்ட் நாட்டில் பணியாற்றியபோது, கை கால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையான குழந்தைகளைக் கண்டார். 1933-இல் அந்நோயைப் பற்றி எழுதினார்; 1935-இல் அந்நாட்டு மக்கள் வழங்கிய குவாஷியார்க்கர் என்னும் பெயரையே அதற்குச் சூட்டினார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் மறுக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. அக்குழந்தைகள் மக்காச்சோளக் கஞ்சியை உண்டு வந்தனர். வயிறு நிறைந்தது, புரதம் இல்லை. வாசகர்கள் இதனை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

பளபளப்பைத் தருவது கொழுப்பு

புரதம் முடியை ஆக்குகிறது. மினுக்கத்தைத் தருவதோ தோலில் சுரக்கும் எண்ணெய். 1929-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவை அளித்து ஆராய்ந்தனர். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது; வால் வெடித்துப் புண்ணாயிற்று; வளர்ச்சியும் நின்றது. லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தைச் சிறிதளவு சேர்த்ததும் அவை தேறின. உடலால் தானே செய்துகொள்ள இயலாத, உணவிலிருந்தே பெறவேண்டிய கொழுப்பும் உண்டென உலகம் அறிந்தது அவ்வாறே.

நம் சமையலறை எண்ணெய்கள் எல்லாவற்றிலும் இவ்வமிலம் ஒரே அளவில் இல்லை. சூரியகாந்தி எண்ணெயில் நூற்றுக்கு அறுபது பங்கு அளவில் உண்டு. நல்லெண்ணெயில் ஏறத்தாழ நாற்பது. கடலை எண்ணெயில் முப்பது. தேங்காய் எண்ணெயில் இரண்டு பங்கு அளவே. ஆகவே, ஒரு வரி மடல் எழுதிய நண்பருக்கு நாம் கூறும் விடை இது: தேங்காய் எண்ணெயைத் தடவினால் முடி அன்று மினுங்கும், நாய் அதனை நக்கித் தீர்க்கும், ஒட்டிய புழுதி மிஞ்சும். உள்ளிருந்து வரவேண்டிய மினுக்கத்தை மேலே பூசுவதால் பெற இயலாது. பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிச் சூரியகாந்தி எண்ணெயோ நல்லெண்ணெயோ சோற்றில் கலந்தால் போதுமானது. மிகுந்தால் வயிற்றுப்போக்கும் உடற்பருமனும் வரும். கணையம் அழற்சியுறுதலும் உண்டு.

மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் வேறு வகையில் உதவுகின்றன. தோலின் எரிச்சலையும் அரிப்பையும் அவை தணிக்கின்றன. இதற்கென விலையுயர்ந்த புட்டிகளைத் தேடி ஓடவேண்டியதில்லை. நம் கடற்கரையில் மலிவாய்க் கிடைக்கும் மத்தியும் கானாங்கெளுத்தியும் இச்சத்து நிறைந்தவை. உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்து, முள் நீக்கி, வாரம் இருமுறை கொடுக்கலாம். பச்சை மீன் வேண்டாம். சிலவகை மீன்களில் தயமின் எனப்படும் பி-1 உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் உண்டு. வெந்தால் அது செயலற்றுப்போகும். கருவாடும் வேண்டாம், அதிலுள்ள உப்பு பிராணிகளுக்கு ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மீன் எண்ணெய் வேறு. மீன் ஈரல் எண்ணெய் வேறு. முன்னது மீனின் சதையிலிருந்து எடுப்பது. பின்னதில் ஏ, டி என்னும் உயிர்ச்சத்துக்கள் செறிந்திருக்கும். தேவைக்கு மிஞ்சிய இவ்விரண்டையும் உடல் எளிதில் வெளியேற்றாது, சேர்த்துவைக்கும். பிள்ளைகளுக்கு வாங்கிய ஈரல் எண்ணெயை, "நாய்க்கும் நல்லதுதானே" என்று நாள்தோறும் ஊற்றுவோர் சத்தென்று எண்ணி நஞ்சூட்டுகின்றனர்.

துத்தநாகமும் முட்டையும்

தோல் செல்கள் புதிதாகப் பிறப்பதற்குத் துத்தநாகச் சத்து இன்றியமையாதது. அது குறைந்தால் கண்ணையும் வாயையும் சுற்றிப் பொருக்குத் தட்டும்; பாதங்கள் தடித்து வெடிக்கும். 1955-இல் அமெரிக்க ஆய்வாளர்களாகிய டக்கர், சால்மன் இருவரும் பன்றிகளுக்கு வந்த இத்தகைய தோல்நோயைத் துத்தநாகம் கொடுத்துத் தீர்த்தனர். உணவில் சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் இந்நோய் கடுமையாகும் என்பதும் புலனாயிற்று. சுண்ணாம்புச் சத்தும், தானியங்களில் உள்ள பைட்டேட் என்னும் பொருளும் துத்தநாகத்தைக் குடலில் பிடித்து நிறுத்தி, உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. நாய்களிலும் இதுவே நிகழ்கிறது. வெறும் சோறு தின்னும் கறுப்பனுக்கு, "சத்து" என்ற பெயரில் சுண்ணாம்பு மாத்திரையை அள்ளிக் கொடுத்தது, இருந்த சிறிதளவுத் துத்தநாகத்தையும் பறித்ததாகவே முடிந்தது. நம் நாட்டு வெயிலில் இன்று பலர் வளர்க்கும் சைபீரியன் ஹஸ்கி இனத்தில், போதிய உணவு கிடைத்தாலும் துத்தநாகத்தை ஏற்கும் ஆற்றல் பிறவியிலேயே குறைந்த நாய்கள் உண்டு. அவற்றிற்கு மருத்துவர் அளந்து தரும் துத்தநாகமே மருந்து.

முட்டை பற்றியும் கேட்கிறார்கள். 1927-இல் இலண்டனில் மார்கரெட் போவாஸ் என்னும் ஆய்வாளர், உலர்த்திய முட்டை வெள்ளையை மட்டுமே புரதமாகப் பெற்ற எலிகளுக்குத் தோல் புண்ணாகி முடி உதிர்வதைக் கண்டார். பச்சை வெள்ளைக் கருவில் உள்ள அவிடின் என்னும் பொருள், முடிக்குத் தேவையான பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தைக் கட்டிப்போடுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நன்கு வேகவைத்தால் அவிடின் கெட்டுப்போகும். எனவே, "பச்சை முட்டை உடைத்து ஊற்றினால் முடி மினுங்கும்" என்னும் பழைய நம்பிக்கையை விட்டுவிட்டு, முட்டையை வேகவைத்தே கொடுங்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவுக்குத் தரமான புரதம் உண்டு. கெரட்டினுக்கு வேண்டிய கந்தகச் சத்துள்ள அமினோ அமிலங்களும் அதில் உள்ளன.

பூனை, சிறிய நாய் அன்று

சைவ உணவு உண்ணும் இல்லங்களில் பூனைக்கும் பால்சோறு ஒன்றையே இடுவதுண்டு. நாய் ஓரளவு எதையும் உண்டு வாழும். பூனையோ புலியின் இனம். கேரட்டில் உள்ள நிறப்பொருளை ஏ உயிர்ச்சத்தாக மாற்ற அதனால் இயலாது. தாவர எண்ணெயிலிருந்து தனக்கு வேண்டிய அரக்கிடோனிக் அமிலத்தைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ளவும் முடியாது. டாரின் என்னும் பொருளும் அதற்கு இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே கிடைக்க வேண்டும். டாரின் குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும். இதயம் தளர்ந்து விரியும். இதயநோயின் காரணம் டாரின் குறைவே என 1987-இல் டேவிஸ் வளாக மருத்துவர்கள் மெய்ப்பித்த பின்னர், கடையில் விற்கும் பூனை உணவுகளில் அதனைக் கூடுதலாகச் சேர்க்கலாயினர். முடி மங்கிய பூனைக்கு எண்ணெய் தேடுமுன், அதற்கு மீனோ இறைச்சியோ கிடைக்கிறதா என்று பாருங்கள்.

ஈரல் நல்லதென்று நாள்தோறும் ஈரல் மட்டுமே இடுவதும் தவறு. ஏ உயிர்ச்சத்து மிகுந்து, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, பூனை தலையைத் திருப்பித் தன் முடியை நக்கித் துப்புரவு செய்யவும் இயலாத நிலை வரும். அழகுக்காகக் கொடுத்தது அழகையே கெடுப்பது இவ்வாறுதான். கொழுப்பு மிகுந்த மீனை மட்டுமே இட்டாலும், ஈ உயிர்ச்சத்துக் குறைந்து உடற்கொழுப்பில் வலிமிக்க அழற்சி தோன்றும். ஒன்றையே நாளும் ஊட்டாமல் உணவை மாற்றி மாற்றி இடுவதே பாதுகாப்பானது.

உணவால் தீராதவை

முடி கெடுவதெல்லாம் உணவுக்குறையால் என்று எண்ணிவிடக் கூடாது. உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் இரத்தத்தை உறிஞ்சும். குடற்புழுக்கள் உண்ட உணவில் பங்கு கேட்கும். சொறிப்பூச்சி தோலைத் துளைக்கும். தைராய்டுச் சுரப்பி தளர்ந்தால், அரிப்பே இல்லாமல் இரு பக்கமும் முடி உதிர்ந்து, நாய் பருத்து மந்தமாகும். வட்ட வட்டமாய் முடி கொட்டினால் அது படர்தாமரையாக இருக்கக்கூடும். நாயையும் பூனையையும் மடியில் வைத்துக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் அது தொற்றும். எத்துணை முட்டை கொடுத்தாலும் இவை தீரா. கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே வழி. அரசுக் கால்நடை மருந்தகங்கள் நம் ஊர்ப்பக்கங்களில் உள்ளன. அங்கே செல்லும்போது வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் மறவாது போட்டுவிடுங்கள்.

சொறி கண்ட நாய்க்கு மண்ணெண்ணெயும் வண்டியில் இருந்து வடித்த பழைய ஆயிலும் பூசும் வழக்கத்தை இன்னமும் காண்கிறோம். அது தோலைப் பொசுக்கும். நக்கினால் உள்ளுறுப்புகளையும் கெடுக்கும். அன்போடு செய்தாலும் அது கொடுமையே.

சத்து மருந்து வாங்கலாமா என்பதற்கும் விடை கூறவேண்டும். கடையில் விற்கும் முழுமையான, சமச்சீரான உணவைத் தக்க அளவில் உண்ணும் நாய்க்குப் பெரும்பாலும் தனிச்சத்து தேவைப்படாது. வீட்டுச் சோறு உண்ணும் நாய்க்கு முதலில் சோற்றைத் திருத்துங்கள். அதன் பின்னும் குறை நின்றால், எது குறைவென்று மருத்துவர் சொல்ல, அது ஒன்றை மட்டும் வாங்குங்கள். எலும்பில்லா வீட்டுணவில் சுண்ணாம்புச் சத்து குறைவது உண்மையே. ஆயினும் அதன் அளவை மருத்துவரே வகுக்கட்டும். மனிதர் உண்ணும் மாத்திரைகளைக் கைப்போக்கில் கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

தட்டில் என்ன இருக்கவேண்டும்?

பதினைந்து கிலோ எடையுள்ள, நோயற்ற, வளர்ந்த நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைச் சோறு, எலும்பு நீக்கி வேகவைத்த கோழியோ மீனோ 150 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று, ஒரு கைப்பிடிப் பூசணியோ கேரட்டோ, ஒரு தேக்கரண்டி எண்ணெய் என இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். நாய் பருத்தால் சோற்றைக் குறையுங்கள், மெலிந்தால் கூட்டுங்கள். புதிய உணவை ஒரே நாளில் திணிக்காமல், ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். இறைச்சி வாங்க இயலாத நாளில் நன்கு குழைந்த பருப்பும் முட்டையும் உதவும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை, வெந்த எலும்பு ஆகிய ஐந்தும் தட்டில் வேண்டா. வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்; திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்; சாக்லேட் இதயத்தைத் தாக்கும்; வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

பொறுமையும் வேண்டும். முளைத்துவிட்ட முடி உயிரற்றது; அதனைத் திருத்த எவ்வுணவாலும் ஆகாது. இனி முளைக்கும் முடியே நல்லுணவின் பயனைக் காட்டும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாளே மினுக்கம் தருவதாகக் கூறும் எந்தப் புட்டியையும் நம்பாதீர்கள்.

மீண்டும் அந்தத் திண்ணைக்கு

கறுப்பனைக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டச் செய்தோம். மூதாட்டி நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ள, பேத்தியும் உடன் வந்தாள். மருத்துவர் நாயைச் சோதித்தார்; உண்ணிகளை அகற்றினார்; குடற்புழு மருந்து கொடுத்தார்; மாத்திரையை நிறுத்தச் சொன்னார்; உணவை விளக்கினார். பிறகு அவர் பார்வை, மேசையருகே நின்ற குழந்தையின் தலையில் நின்றது. மெலிந்த முடி, நுனியெல்லாம் செம்பட்டை.

"பாப்பா என்ன சாப்பிடுகிறாள் அம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"அவளும் இதே சோறுதான் ஐயா. வேற ஒண்ணும் வாயில வைக்கமாட்டா" என்று சொல்லத் தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டார். நாயையும் பார்த்தார், குழந்தையையும் பார்த்தார். முன்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாமும் அத்திண்ணையில் பலமுறை அமர்ந்து அக்குழந்தையோடு பேசியிருக்கிறோம். நாயின் முடி மாறியது நம் கண்ணுக்குப் பட்டது. குழந்தையின் முடி படவில்லை. இதனை வெட்கத்தோடே எழுதுகிறோம்.

"பயப்படும்படி ஒன்றுமில்லை. நான் மாட்டு வைத்தியன். பிள்ளைக்கு நான் சொல்லக் கூடாது. நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள்" என்றார் மருத்துவர். காட்டினார்கள். குழந்தைக்கு எடையும் குறைவு, இரத்தமும் குறைவு. சிசிலி வில்லியம்ஸ் கண்ட கொடிய நிலையை அவள் எட்டவில்லை. ஆயினும் அவ்வழியில் சில அடிகள் சென்றிருந்தாள். அங்கன்வாடிக்கு அனுப்புவதைக் கௌரவக் குறைவென்று எண்ணியிருந்த மூதாட்டி, மறுவாரமே பேத்தியைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். அங்கே மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்ததும், வீட்டில் முட்டையைக் கண்டாலே முகத்தைத் திருப்பியவள், கேட்டு வாங்கி உண்ணத் தொடங்கினாள்.

மூன்று திங்கள் கழித்து மீண்டும் சென்றோம். கறுப்பனின் முதுகில் புதுமுடி கருகருவென அடர்ந்திருந்தது; வால் நுனியில் மட்டும் பழைய செம்மை சிறிது எஞ்சியிருந்தது. குழந்தை நம்மைக் கண்டதும் உள்ளே ஓடி, ஓட்டைப் பாதி உரித்த முட்டையொன்றைக் கையில் ஏந்தி வந்து, "இது எனக்கு, அது கறுப்பனுக்கு" என்று அடுப்பைச் சுட்டிக் காட்டினாள். பாத்திரத்தில் இரண்டாவது முட்டை இருந்தது.

அன்புள்ள குடும்பத்தினரே, உங்கள் வீட்டு நாயின் முடியை இன்று ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். மங்கியிருந்தால் கடைக்கு ஓடுமுன் அதன் தட்டைப் பாருங்கள். அத்தட்டில் விழும் சோறு எந்தப் பானையிலிருந்து வருகிறதோ, அப்பானையிலிருந்தே உண்ணும் பிள்ளைகளின் தலையையும் அப்படியே ஒருமுறை தடவிப் பாருங்கள்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.